யாழ்ப்பாண மன்னனின் பல்லக்கில் ஏறிய யாத்திரிகர் இப்னு பதூதா

யாழ்ப்பாண இராச்சியத்தின் வரலாற்றை எழுத முனைவோர் அனைவரையும் ஒரு குறை வாட்டுவதுண்டு. அரண்மனை ஏடுகள் எமக்கு எஞ்சவில்லை. யாழ்ப்பாண வைபவமாலையோ ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 18 ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. கல்வெட்டுகள் மிகச் சில. இடப உருவமும் சேது என்ற மங்கலச் சொல்லும் பொறித்த நாணயங்கள் உள்ளன. ஆனால் மன்னன் எப்படிப்பட்டவன், என்ன மொழிகளை அறிந்திருந்தான், அந்நியனை எப்படி நடத்தினான் என்பவற்றை நாணயங்கள் சொல்வதில்லை. இந்நிலையில், ஆரியச்சக்கரவர்த்திகளுள் ஒருவனின் அருகில் அமர்ந்து உரையாடி, அவன் கையால் முத்துகளைப் பெற்று, அவன் கொடுத்த பல்லக்கில் ஏறி இலங்கையின் உட்பகுதிக்குச் சென்று திரும்பிய ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்லி வைத்திருப்பது எமக்கு வாய்த்த பேறு என்றே கொள்ள வேண்டும். அவர் தமிழரல்லர், சிங்களவருமல்லர். அட்லாண்டிக் சமுத்திரக் கரையோரம் வரை பரந்த மொரோக்கோ நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் அறிஞர். இப்னு பதூதா என்ற பெயரை எமது பாடசாலை மாணவர்களும் அறிவர். அவர் வாழ்வில் எம்மைத் தொடும் பகுதியைத்தான் பலர் அறியார்.

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு பதூதா 1304 ஆம் ஆண்டு தஞ்சியர் நகரில், மாலிகி மத்ஹபைச் சார்ந்த சட்ட அறிஞர் குடும்பமொன்றிற் பிறந்தார். 1325 ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ் கடமையை நிறைவேற்றும் எண்ணத்துடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். துணைக்கு எவருமில்லை, சேர்ந்து செல்ல வணிகர் கூட்டமுமில்லை. பெற்றோர் உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிவது தமக்கும் அவர்களுக்கும் பெருந்துயராக இருந்ததை முதுமையிலும் அவர் மறக்கவில்லை. ஹஜ்ஜை முடித்தவர் ஊர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. ஈராக், பாரசீகம், யெமன், கிழக்காபிரிக்காவின் கில்வா, துருக்கியர் நாடு, கொன்ஸ்தாந்திநோபிள், மத்திய ஆசியா என்று சென்று, 1333 இல் சிந்து நதியை அடைந்தார். டில்லியில் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தான். அள்ளிக் கொடுத்த அதே கையால் தலைகளையும் கொய்த சுல்தான் அவன். பல ஆண்டுகள் அந்த அரசவையில் அச்சத்துடனேயே காலம் கழித்த இப்னு பதூதா, 1341 இல் சீனப் பேரரசனுக்கான தூதராக நியமிக்கப்பட்டார். கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் புயலிற் சிக்கி உடைந்தன. காணிக்கைகள் கடலோடு போயின. டில்லிக்குத் திரும்ப அஞ்சியவர் மாலைதீவுக்குச் சென்றார். அங்கும் காழியானார், திருமணங்கள் செய்தார், அரசியலிலும் தலையிட்டார், பகை தேடிக்கொண்டார். 1344 இல் அங்கிருந்து வெளியேறினார்.

அவர் நாடிச் சென்றது தமிழகத்தின் கிழக்குக் கரையை. அறபியர் அதனை மஃபர் என்றனர். மதுரையைத் தலைநகராகக் கொண்டு அங்கே அப்போது சுல்தான்களின் ஆட்சி நடந்தது. சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு மனைவி வழி உறவினன். அக்காள் தங்கையரை மணந்தவர்கள். அவனுடைய படையைக் கொண்டு மாலைதீவைக் கைப்பற்றும் எண்ணமும் எமது யாத்திரிகரின் உள்ளத்தில் இருந்தது. இதனை மறைக்க வேண்டியதில்லை. அவர் மகானல்லர், ஆசாபாசங்கள் நிறைந்த மனிதர். அவருடைய நூலைச் சுவையாக்குவதும் அதுவே.

திசை தவறிய கப்பல் ஒன்பது நாட்களின் பின் இலங்கைக் கரையைக் கண்டது. தொலைவில், வானளாவிய புகைத் தூண் போல, ஒரு மலை தென்பட்டது. மாலுமிகள் மகிழவில்லை. அந்தத் துறை வணிகர் அச்சமின்றிச் செல்லக்கூடிய மன்னனுடையதல்ல என்றும், கடலிற் கொள்ளையிடும் கலங்களையுடைய கொடியவனான ஆரியச்சக்கரவர்த்தியுடையது என்றும் அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யல்ல. பிறிதொரு வேளை மஃபர் கரையில் அம்மன்னனின் கலங்கள் சிறியனவும் பெரியனவுமாக நூறு வரை நின்றதையும், யெமனுக்குச் செல்லவிருந்த மதுரைச் சுல்தானின் கப்பல்களை அவை குறிவைத்ததையும் இப்னு பதூதாவே சொல்கிறார். ஆயினும் காற்று வலுத்தது. கடலில் நிற்க இயலவில்லை. தாம் முதலில் இறங்கிச் சென்று மன்னனிடம் அபயம் பெற்று வருவதாகக் கூறி அவர் கரையிறங்கினார். விசாரித்தவர்களிடம், தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்றும், கப்பலில் உள்ளவை அந்தச் சுல்தானுக்குரிய அன்பளிப்புகள் என்றும் சொன்னார். முதலாவது உண்மை. இரண்டாவது, பொருட்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்பட்டது என்றே நாம் கருதுகிறோம்.

அவர் அழைத்துச் செல்லப்பட்ட ஊரை பத்தாலா என்று குறிக்கிறார். அது புத்தளம் என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிபு. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய ஊர். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையிற் குன்றுகளாகக் குவிந்து கிடந்தன. மஃபரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தோர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர். கைம்மாறாக மன்னனுக்குத் துணிகள் முதலியவற்றை வழங்கினர். இவ்வூரை மன்னனின் தலைநகராக அவர் கருதினாலும், நல்லூரை மையமாகக் கொண்ட யாழ்ப்பாண அரசன் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்கிய இடமே புத்தளம் என்பது வரலாற்றாசிரியர்களின் விளக்கம். மார்த்தாண்ட சிங்கையாரியன் என்ற பெயருடைய மன்னனாக அவனை அவர்கள் இனங்காண்கின்றனர். இப்னு பதூதா குடாநாட்டில் கால் வைத்ததாக அவருடைய நூலில் இல்லை. குடாநாட்டின் அரசு தெற்கே புத்தளம் வரை கையோங்கியிருந்த காலம் அது என்பதையே இச்சந்திப்பு காட்டுகிறது. சிங்கைநகர் ஆரியன் பெயரைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டொன்று கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமவிற் கண்டெடுக்கப்பட்டதையும் இதனுடன் இணைத்து நோக்க வேண்டும்.

கொடியவன் எனப்பட்ட மன்னன் வந்தவரை வரவேற்று அருகில் அமர்த்தினான். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கியது. அக்காலத்து இந்து சமுத்திர வணிகத்தின் பொதுமொழிகளுள் ஒன்று அது. யாழ்ப்பாணத்துச் சைவ மன்னனும் மொரோக்கோ நாட்டு முஸ்லிமும் இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் உரையாடியிருக்கின்றனர்! மஃபர் சுல்தானுடன் தனக்குள்ள நட்பின் பெயரால், கப்பலிலுள்ளோர் அச்சமின்றி இறங்கலாம் எனவும், புறப்படும் வரை தன் விருந்தினராக இருக்கலாம் எனவும் மன்னன் கூறினான். மூன்று நாட்கள் உபசாரம் வளர்ந்துகொண்டே சென்றது. பிற நாட்டு அரசர்களின் கதைகளைக் கேட்பதில் அவனுக்குப் பெருவிருப்பு. ஒருநாள் குளிப்பிலிருந்து வந்த முத்துகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, பிற நாடுகளில் இவற்றுக்கு நிகரானவை உண்டா என வினவினான். பாரசீக வளைகுடாவின் முத்துத் துறைகளைக் கண்டிருந்தவர், இவற்றினும் தாழ்ந்தவற்றையே தாம் அங்கு கண்டதாகச் சொன்னார். மகிழ்ந்த மன்னன் அம்முத்துகளை அவருக்கே அளித்தான். உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணமொன்றில் வாசனைத் தைலம் வைத்திருந்ததைக் கண்டு அவர் வியக்க, இதனினும் பெரியவை தன்னிடம் உண்டென்றானாம்.

வேண்டியதைக் கேட்கலாம் என மன்னன் சொன்னபோது அவர் பொன் கேட்கவில்லை. இத்தீவை அடைந்தது முதல் தமக்கிருந்த ஒரே ஆசை ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிப்பதே என்றார். சுவனத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் நபி செரந்தீப் மலையில் வந்திறங்கினார் என்ற நம்பிக்கை அறபுலகில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. பௌத்தருக்கு அது புத்தர் பெருமானின் ஸ்ரீபாதம். சைவருக்குச் சிவனொளிபாதம். இத்தீவினர் ஆதமை பாபா என்றும் ஹவ்வாவை மாமா என்றும் அழைத்ததாக இப்னு பதூதா எழுதுகிறார். எமது முஸ்லிம் மக்கள் பாவா ஆதம் மலை என்று இன்றும் வழங்குவதில் அந்தச் சொல்லின் எதிரொலி கேட்கிறது.

அது எளிது, வழித்துணை தருகிறேன் என்றான் மன்னன். மலைக்குச் செல்லும் வழி அவன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட சிங்கள மன்னனின் நாட்டினூடாகச் சென்றது. ஆயினும் அவன் சேர்த்தளித்த குழுவைப் பாருங்கள். ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசித்துவந்த நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் பரிவாரத்தைச் சேர்ந்த பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர், பல்லக்கும் அதனைத் தூக்குவோரும். ஒரு முஸ்லிம் யாத்திரிகரை அவருடைய மார்க்கத்தின் புனித இடத்துக்கு யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்டி அழைத்துச் சென்றனர். கப்பல் தலைவனும், ஓராண்டானாலும் அவர் வரும் வரை காத்திருப்பதாகச் சொன்னான். அவனை அதுவரை உண்பிக்கும் பொறுப்பையும் மன்னனே ஏற்றான்.

முதல் நாள் மூங்கில் தெப்பத்தில் ஓர் ஆற்றைக் கடந்தனர். மன்னனின் ஆட்சி எல்லையிலிருந்த ஊரில் காட்டிற் பிடித்த எருமைக் கன்றுகள், அரிசி, நெய், மீன், கோழி, பால் என விருந்து வந்தது. அங்கு நோயுற்றுத் தங்கிவிட்ட குராசான் நாட்டவர் ஒருவரைத் தவிர வேறு முஸ்லிம்கள் இல்லை. அவரும் குழுவிற் சேர்ந்துகொண்டார். சிலாபத்தைக் கடந்ததும் நீர் நிறைந்த கரடான காட்டுவழி. யானைகள் மிகுதி. அவை யாத்திரிகருக்கு ஊறு செய்வதில்லை என்ற நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழங்கதை இருந்தது. 982 இல் காலமான ஷீராஸ் நகரத்துப் பெரியார் ஷெய்க் இப்னு கஃபீப் முதன்முதல் இவ்வழியைத் திறந்தவர் என்றும், பசியால் யானைக் கன்றைக் கொன்று தின்ற தோழர்களை யானைகள் கொன்றுவிட, உண்ணாதிருந்த அவரை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி மக்களிடம் கொண்டுவந்து சேர்த்தது என்றும் அக்கதை சொல்கிறது. கதையை நம்புவதும் விடுவதும் வாசகரின் விருப்பம். எம் கவனத்தை ஈர்ப்பது அதன் தொடர்ச்சி. முன்னர் முஸ்லிம்களைத் தடுத்தும் துன்புறுத்தியும் வந்த இந்நாட்டு மக்கள், அதன் பின் அவர்களைத் தம் வீடுகளுக்குள் அழைத்தனர், உடனிருந்து உண்டனர், மனைவி மக்களுடன் பழகவும் ஐயுறவில்லை. இந்தியாவிற் பல ஆண்டுகள் வாழ்ந்து, தீண்டாமை பேணிய சமூகங்களைக் கண்டு வந்தவருக்கு இது புதுமையாகவே பட்டது.

சிங்கள மன்னனின் நகரை அவர் குனகார் என்கிறார். அது குருநாகல் என்பார் பலர். வேறிடம் என்போரும் உளர். நகருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்க் உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. மன்னனும் மக்களும் அங்கு சென்று அவருக்கு மரியாதை செலுத்தி வந்தனர். ஆனால் இதிலும் ஒரு கசப்பு உண்டு. பசுவை அறுத்த குற்றத்துக்காக அந்த ஷெய்கின் ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டிருந்தன. சட்டப்படி அதற்குத் தண்டனை மரணமாம். அவர் மீதிருந்த மதிப்பினால் அது குறைக்கப்பட்டு, ஒரு சந்தையின் வருமானமும் அவருக்கு அளிக்கப்பட்டது. வழிகாட்டும் பணியை அவருடைய புதல்வர்கள் ஏற்றனர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் செல்கிறார் இப்னு பதூதா. பழைய காலத்தைப் பொற்காலமாக்க விழையும் எம்மவர், இந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துச் சொல்வதை நாம் கண்டிருக்கிறோம். அது நேர்மையாகாது.

மாணிக்கங்களைக் கழுத்திலும் கையிலும் அணிந்த பெண்கள், நெற்றியில் கோழி முட்டையினும் பெரிய மாணிக்கங்கள் பதித்த மன்னனின் வெள்ளை யானை என வியந்துகொண்டு சென்றவரை, மலையடிவாரத்தில் அட்டைகள் வரவேற்றன. மரத்திலும் புல்லிலுமிருந்து மனிதர் மீது பாயும் அவற்றின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அவை கழன்று விழும் என்று குறித்திருக்கிறார். இன்று சிவனொளிபாதமலைக் காடுகளில் நடப்போரும் அதே மருந்தைக் கையில் வைத்திருப்பர்.

மலையேற இரு வழிகள். மாமா வழி எளிது. அதனால் ஏறியவன் யாத்திரை செய்தவனாகக் கருதப்படான். பாபா வழி செங்குத்தானது. பாறையில் வெட்டிய படிகளும், பிடித்தேறத் தொங்கவிட்ட பத்துச் சங்கிலிகளும் அங்கிருந்தன. கடைசிச் சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அவ்விடத்தில் நின்று கீழே நோக்குவோர் அச்சத்தால் கலிமாச் சொல்வராம். மேலே கிள்று நபியின் பெயரிலமைந்த குகையில் உடைமைகளை வைத்துவிட்டு உச்சிக்கு ஏறுவர். முகில்கள் காலடியிற் கிடக்க, பாறையில் 11 சாண் நீளமான பாதச் சுவட்டை அவர் கண்டார். 2,243 மீற்றர் உயரமான அவ்வுச்சியில், பாதத்தைச் சுற்றிக் குடையப்பட்ட குழிகளில் பிற சமயத்தார் பொன்னும் முத்தும் மாணிக்கமும் இட்டுச் சென்றனர். முஸ்லிம் பக்கீர்கள் அவற்றை எடுத்துக்கொள்ள முந்தியோடினர். அவர் சென்ற வேளையில் சிறிது பொன்னும் சில கற்களுமே கிடந்தன. அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார். மரபின்படி மூன்று நாட்கள் குகையில் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்தார்.

திரும்புகையில் மாமா வழியால் இறங்கித் தென்கரைக்குச் சென்றனர். தெவிநுவரவில் விஷ்ணு கோயில் மிகப் பெரிதாய் விளங்கியது. ஆளுயரப் பொற்சிலை, இரவில் ஒளிரும் மாணிக்கக் கண்கள், ஆயிரம் பிராமணரும் யோகிகளும், இரவுதோறும் ஆடிப் பாடும் ஐந்நூறு பெண்கள் என அவர் விவரிக்கிறார். 1588 இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர். காலியிற் கண்டெடுக்கப்பட்ட 1409 ஆம் ஆண்டின் சீனக் கல்வெட்டு, அதே கோயிலின் தேனவரை நாயனாரைத் தமிழிலும், புத்தரைச் சீனத்திலும், அல்லாஹ்வைப் பாரசீகத்திலும் போற்றுகிறது. காலியில் ஒரு முஸ்லிம் கப்பற்றலைவர் விருந்தளித்தார். கொழும்பு அப்போதே தீவின் சிறந்த நகரங்களுள் ஒன்று. அங்கிருந்து மூன்று நாட்களிற் புத்தளம். மன்னனும் இருந்தான், கப்பலும் சொன்னபடி காத்திருந்தது.

புத்தளம் என்ற ஊர்ப் பெயரை எழுதும்போது எம்மால் 14 ஆம் நூற்றாண்டிலேயே நின்றுவிட முடியவில்லை. 1990 ஒக்டோபர் மாத இறுதியில், வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு, ஒக்டோபர் 30 ஆம் திகதி, கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். சோனகத் தெருவின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் ஒஸ்மானியாக் கல்லூரியும் ஒரே நாளில் வெறுமையாயின. நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் சென்று தங்கியது புத்தளத்தில். கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2002 ஆம் ஆண்டின் சமாதான காலத்தில் அது தவறென்று அவ்வியக்கம் ஏற்றுக்கொண்டது. 2009 இற்குப் பின் சில குடும்பங்கள் திரும்பின, பல திரும்பவில்லை. இடிந்த வீடும் கைமாறிய காணியும் புத்தளத்தில் வேரூன்றிவிட்ட பிள்ளைகளும் அதற்குக் காரணங்கள். யாழ்ப்பாணத்து மன்னன் ஒரு முஸ்லிம் அந்நியனுக்கு அபயமும் வழித்துணையும் கொடுத்து அனுப்பிய அதே ஊர், யாழ்ப்பாணத்திலேயே பிறந்த முஸ்லிம்களின் அகதி முகாமானது. அந்த மன்னனின் பெருமையைப் பேசும் தமிழர், அவன் பெயருடன் சேர்த்து இதனையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர்கள் என்பது எமது கருத்து.

புத்தளத்திலிருந்து புறப்பட்ட கப்பல் மஃபர் கரைக்கருகில் பாறைகளிடையே சிக்கியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். கட்டிய தெப்பத்தில் தம் தோழரையும் ஓர் அடிமைப் பெண்ணையும் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுவதும் கப்பலின் பின்புறத்தில் இருந்தார். விடிந்ததும் படகில் வந்து மீட்டவர்கள் அக்கரையின் இந்து மக்கள். அதன்பின் மைத்துனன் முறையான சுல்தானின் பாளையத்தை அடைந்தவர் அங்கு கண்டவை கொடியவை. சிறைப்பட்ட இந்துக்கள் கழுக்களில் ஏற்றப்பட்டனர். அவர்களின் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். தம் மார்க்கத்தவன், உறவினன், தமக்கு விருந்தளித்தவன் என்று பாராது, வேறெந்த அரசனும் செய்யாத இழிசெயல் இதுவென அவர் கண்டித்தார். அச்சுல்தான் விரைவில் மாண்டதற்கும் அக்கொடுமையே காரணமென்று கருதினார். தமிழகத்தில் அன்று நடந்த அக்கொடுமைக்கு நேரிற் கண்ட சாட்சியாக நின்று பேசுபவர் ஒரு முஸ்லிம் காழி என்பது கவனிக்கத்தக்கது. மதுரையைக் கொள்ளைநோய் வாட்டியபோது அவரும் நோயுற்றுத் தேறி, மேற்குக் கரைக்குப் புறப்பட்டார். ஹொன்னாவர் அருகே பன்னிரண்டு கொள்ளைக் கலங்கள் சூழ்ந்துகொண்டன. இலங்கையிற் பெற்ற முத்துகளும் மாணிக்கங்களும் அங்கே பறிபோயின. காற்சட்டை ஒன்றுடன் கரையில் விடப்பட்டார்.

பின்னர் வங்காளம், சுமத்திரா, சீனம். சீனப் பயணத்தை ஐயுறும் அறிஞரும் உளர். இலங்கைப் பகுதியை அவ்வாறு ஒதுக்குவோர் அரிது. 1349 இல் மொரோக்கோவை அடைந்தபோது பெற்றோர் இருவரும் உயிருடனில்லை. ஸ்பெயினுக்கும், சஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்கும் சென்று வந்தபின், பெஸ் நகரில் சுல்தானின் ஆணைப்படி தம் பயணங்களைச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுதினார். 1355 டிசம்பரில் நூல் நிறைவுற்றது. புத்தளத்து மன்னனின் மாணிக்கக் கிண்ணமும் மலையடிவாரத்து அட்டைகளும் பதினொரு ஆண்டுகளின் பின் நினைவிலிருந்தே மீட்கப்பட்டன. அவர் பயணம் செய்த தூரம் ஏறத்தாழ 117,000 கிலோமீற்றர் என மதிப்பிடுவர்.

நூல் நெடுங்காலம் வெளியுலகம் அறியாது கிடந்தது. 1853 முதல் 1858 வரை பாரிஸில் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டது. இலங்கை, மாலைதீவுப் பகுதிகளை அல்பேர்ட் கிறே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1882 இல் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளை வெளியிட்டது. அதன் பின்னரே யாழ்ப்பாணத்து வரலாற்றாசிரியர் அந்தச் சந்திப்பைத் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள முடிந்தது. இப்னு பதூதா தம் இறுதிக் காலத்தை மொரோக்கோவின் ஓர் ஊரில் காழியாகக் கழித்து, 1368 அல்லது 1369 இல் காலமானார்.